இன்னும் ஒரு திருகு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் சின்னவள் காருக்கு அடியில் தலையை நீட்டிப் பார்த்தாள். முந்தின நாள் விரித்து வைத்த வெள்ளைத் தாளில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஆயில் தேங்கியிருந்தது. தேன் நிறத்தில், அழுக்கு படாத ஆயில். நேற்று மாலைதான் அவளே தன் கையால் நாலு லிட்டர் ஊற்றியிருந்தாள்.

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினாள். பதினொரு விநாடிக்கு ஒரு சொட்டு.

நாளை காலை ஆறு மணிக்கு இந்தக் கார் கிளம்பியாக வேண்டும்.

ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மூன்று வருடமாகக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது அவள் வேலை. எழுந்து நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வர ஓர் ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, “நான் போறேன் மேடம்” என்று சொன்னாள். மூன்றே சொல்தான். அதைச் சொல்ல ஒரு வாரம் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருந்தாள். நாலு பேர் இருக்கும் இடத்தில் தும்மக்கூட யோசிக்கிற பிறவி அவள். நிலையத்தை நடத்தும் அந்த மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சரி என்றார். ஒரு நிபந்தனையோடு. சொந்தக் கார், ஒரு நாளும் மக்கர் பண்ணக் கூடாது. முதல் நாளே பண்ணினால் அந்த வேலை பைக் வைத்திருக்கும் இன்னொருவருக்குப் போய்விடும். வரிசையில் அடுத்து நிற்பவர் அவர். பைக்காரர் என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வார்கள்.

முதல் நாள் நாளைக்குத்தான். பன்னிரண்டு வீடு.

அதற்காகத்தான் சனிக்கிழமை மாலை முழுக்க உட்கார்ந்து ஆயில் மாற்றினாள். முன் சக்கரங்களை இரண்டு சாய்வுப் பலகைகள் மேல் ஏற்றி, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, வாகனக் கையேட்டைப் பக்கத்தில் விரித்து, வரி விடாமல் செய்தாள். அவள் கார் பழையதுதான். ஆனால் அதில் ஒரு விசேஷம் உண்டு. மற்ற வண்டிகளில் ஆயில் தங்கும் தொட்டி உலோகம். அதன் அடியில், ஆயிலை வெளியேற்றும் துளையை மூடும் பிளக்கும் உலோகம். ஸ்பேனர் வைத்துத் தம் பிடித்து இறுக்கலாம். இவள் வண்டியில் தொட்டியும் பிளாஸ்டிக், பிளக்கும் பிளாஸ்டிக். பிளக்கில் திருகி ஏற்றும் மரையே கிடையாது. இரண்டு பக்கமும் இரண்டு சின்னக் காது நீட்டிக்கொண்டிருக்கும். துளைக்குள் விட்டுக் கால் சுற்று திருப்பினால் காதுகள் உள்ளே மாட்டிக்கொண்டு ‘டக்’ என்று ஒரு சத்தம் கொடுக்கும். அவ்வளவுதான் வேலை. அதற்கு மேல் திருகினால் இறுகாது, உடையும். ஆயிலைத் தடுத்து நிறுத்துவது பிளக்கின் கழுத்தில் இருக்கும் ரப்பர் வளையம். கை பலத்துக்கு அங்கே வேலையில்லை. ஒவ்வொரு முறையும் புதுப் பிளக் போடச் சொல்கிறது கையேடு. புதிதாகத்தான் வாங்கிப் போட்டாள்.

போட்ட பிறகு பிளக்கையும் தொட்டியையும் சேர்த்துச் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்தாள். பிளக் நகர்ந்தால் கோடு காட்டிக்கொடுக்கும். ஒழுகுகிறதா என்று காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியைப் பலகையிலேயே விட்டுவிட்டாள்.

இப்போது டார்ச் அடித்துப் பார்த்தாள். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. பிளக்கில் இருந்த பாதி, தொட்டியில் இருந்த பாதியைத் தாண்டி ஒரு விரல் அகலம் போயிருந்தது. பிளக்கின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. நகத்தால் சுரண்டி இழுத்தாள். மெல்லிய வெள்ளை டேப், நூல் நூலாக வந்தது.

தண்ணீர்க் குழாயின் மரையில் சுற்றுகிற டேப். யார் வேலை என்று கேட்கவே வேண்டாம்.

அக்காவும் அக்கா புருஷனும் சின்னவளும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். மாமா குழாய் வேலைக்காரர். கெட்டிக்காரர். அவர் போட்ட இணைப்பு ஒழுகியதாக ஒருவரும் திரும்பி வந்து சொன்னதில்லை. அவரிடம் ஒரே ஒரு குணம். எதை மூடினாலும் கடைசியில் இன்னும் ஒரு திருகு திருகுவார். அந்த வீட்டில் ஜாம் பாட்டிலைத் திறக்க அவர் வேலை முடிந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒருமுறை அக்காவின் தலைவலித் தைல டப்பாவை மூடிக் கொடுத்தார். தலைவலி தானாகப் போன பிறகுதான் டப்பா திறந்தது.

சின்னவள் சமையலறைக்குள் போனாள். மாமா டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா அடுப்பருகில் நின்றாள். சின்னவள் டேப்பை மேசை மேல் வைத்தாள்.

“மாமா, இது என்ன?”

“எது?”

“இதுதான்.”

“டேப்பு.”

“டேப்புன்னு தெரியுது. என் வண்டிக்கு அடியில எப்படிப் போச்சு?”

மாமா ஒரு வாய் டீயை அவசரமாக விழுங்கினார். சூடு போலிருக்கிறது, முகம் ஒரு கோணலாகி நிமிர்ந்தது.

“அது சும்மா ஒரு சேஃப்டிக்கும்மா. நேத்து நீ குளிக்கப் போனியே, அப்ப ஒரு பார்வை பாத்தேன். கையால தொட்டா ஆடுற மாதிரி இருந்துச்சு. டேப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு மனசு கேக்கல.”

“ஆடாது மாமா. அது அப்படித்தான் இருக்கும்.” குரல் உயரவில்லை. ஆனால் நிற்கவும் இல்லை. “டேப்பு சுத்தணும்னா பிளக்கைக் கழட்டணும். நாலு லிட்டர் ஆயில் உள்ள இருக்கு. கழட்டினா கொட்டியிருக்குமே?”

இங்கேதான் மாமா தன் வாயாலேயே மாட்டிக்கொண்டார். தொழில் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

“கொட்டுமா? யாரைக் கேக்குற? நிறைஞ்ச டேங்க்ல வால்வு மாத்தினவன் நான். ஒரு ஸ்பூன்கூடக் கீழ விழல, தெரியுமா? கட்டைவிரல வச்சு ஓட்டைய அடைச்சுக்கிட்டா முடிஞ்சது கதை.”

“டேப்பு சுத்த ரெண்டு கை வேணும். அப்ப அந்தக் கட்டைவிரல் யாரோடது?”

அக்கா அடுப்பில் இல்லாத எதையோ கிளற ஆரம்பித்தாள்.

“அக்கா?”

“நான் விரலை மட்டும்தான்டீ வச்சேன்” என்றாள் அக்கா, திரும்பாமலே. “படுத்துக்கோ, இங்க வைன்னு சொன்னாரு. வச்சேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது.”

“ரெண்டு பேரும் சேர்ந்தா பண்ணினீங்க?”

“உனக்கு முதல் நாளாச்சே, ஒழுகிடக் கூடாதேன்னுதான்...” மாமாவின் குரல் இறங்கியது. “டேப்பு சுத்தினதும் உள்ள போக மாட்டேன்னுச்சு. அதான் பெரிய ஸ்க்ரூ டிரைவர் வச்சு ஒரு அழுத்து அழுத்தித் திருப்பினேன். நீ சொன்ன மாதிரியே டக்குன்னு சத்தம்கூடக் கேட்டுச்சு. இவகிட்ட கேளு.”

“கேட்டுச்சு” என்றாள் அக்கா.

“அது மாட்டின சத்தம் இல்ல மாமா. உடைஞ்ச சத்தம்.”

மாமா டீக் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்த்ததும் சின்னவள் சொல்ல வந்த மிச்சத்தை விட்டுவிட்டுப் போனை எடுத்தாள். கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் கோபப்பட்டு உட்கார நேரம் இல்லை.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரருக்குப் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை, ஆனாலும் எடுத்தார்.

“அண்ணா, நேத்து ஒரு டிரெயின் பிளக் வாங்கினேனே. இன்னொண்ணு கிடைக்குமா?”

“நேத்துதானே வாங்கினீங்க? அதுக்குள்ள என்னம்மா ஆச்சு?”

“உடைஞ்சிடுச்சு.”

“இறுக்கியிருப்பீங்க.”

“நான் இறுக்கல அண்ணா.”

“இது வரைக்கும் இறுக்கினேன்னு என்கிட்ட ஒருத்தரும் சொன்னதில்லம்மா” என்றார் கடைக்காரர். “இருந்த ஒண்ணைத்தான் உங்களுக்குக் கொடுத்தேன். ஆர்டர் போட்டா புதன்கிழமை வரும். ரெண்டா போடட்டுமா? உங்க வீட்டுக்கு ரெண்டு வேணும்போல இருக்கு.”

“ரெண்டு போடுங்க.”

போனை வைப்பதற்குள் மேடத்தின் அழைப்பு வந்துவிட்டது.

“நாளைக்கு ஆறு மணி, ஞாபகம் இருக்குல்ல? வண்டி நல்லா இருக்குதானே?”

‘சரி மேடம்’ என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மூன்று வருடத்தில் மேடத்திடம் அவள் அதிகம் சொன்ன சொல் அதுதான். விழுங்கினாள்.

“ஆயில் ஒழுகுது மேடம். சரி பண்ணிட்டிருக்கேன். சாயங்காலம் நாலு மணிக்கு உறுதியாச் சொல்றேன்.”



“நாலுன்னா நாலு. நாலு அஞ்சுக்கு நான் பைக்காரருக்குப் போன் பண்ணிடுவேன். பன்னெண்டு பேரும் படுக்கையில இருக்கிறவங்க. சாப்பிடாம, தண்ணிகூடப் பாத்துப் பாத்துக் குடிச்சிட்டு வெறும் வயித்தோட காத்திருப்பாங்க. அவங்களை நான் காக்க வைக்க முடியாது.”

“தெரியும் மேடம். நாலு மணிக்குச் சொல்றேன்.”

வைத்த பிறகு தான் சொன்னது அவளுக்கே பிடித்திருந்தது.

அக்காவின் துணி அலசும் பேசினைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, துடைத்து, ஈரம் போக வெயிலில் காயவைத்து எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனாள். மாமாவும் வந்தார். “நான் கழட்டட்டுமா?” என்று கேட்கவில்லை. அது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். டார்ச்சை மட்டும் பிடித்துக்கொண்டார்.

பிளக் வந்த வேகத்தைப் பார்த்தால் தானே விழக் காத்திருந்தது போலிருந்தது. ஆயில் பேசினில் இறங்கி முடிந்ததும் அதை வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு காது இல்லை. கழுத்தில் டேப் சுருண்டு கயிறாகக் கிடந்தது. அந்தச் சுருளில் மாட்டி ரப்பர் வளையமும் ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. ராத்திரி முழுக்க நாலு லிட்டரைத் தாங்கியது மிச்சமிருந்த ஒற்றைக் காது.

“அந்தத் துண்டு எங்க?” என்றார் மாமா.

அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். உடைந்த காது தொட்டிக்குள் கிடந்தால் என்றாவது ஒருநாள் ஆயில் உறிஞ்சும் குழாயில் போய் அடைக்கும். அதை உள்ளே விட்டு நிம்மதியாக ஓட்ட முடியாது.

“விரலை விட்டுப் பாக்கவா?” என்று கேட்டார். இந்த முறை கேட்டுவிட்டுத்தான் செய்யப் போனார். சின்னவள் தலையாட்டினாள்.

மாமா கையைத் துடைத்துக்கொண்டு சுண்டுவிரலைத் துளைக்குள் விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். தொழிலில் அவர் பாதி வேலையை இப்படித்தான் செய்வார். சுவருக்குப் பின்னால் இருக்கும் குழாயைக் கண் பார்க்காது, விரல்தான் பார்க்கும். மெதுவாக ஒரு முழுச் சுற்று வந்தார்.

“துண்டு இங்க இல்ல. ஆனா காது மாட்டுற பள்ளம் ரெண்டும் நல்லா இருக்கு. வளையம் உக்கார்ற இடத்துல ஒரு கீறல்கூட இல்ல. வழவழன்னு இருக்கு.”

“நிச்சயமாவா?”

“இதுல பொய் சொல்ல மாட்டேம்மா.”

தொட்டி பிழைத்தது. அது உடைந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பேசினில் இருந்த ஆயிலை, நூல் பிரியாத நைலான் துணியில் கொஞ்சம் கொஞ்சமாக வடிகட்டினார்கள். அக்கா துணியின் இரண்டு முனையைப் பிடித்தாள். மூன்றாவது குவளையில் மாட்டியது, பால் பல் அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு. சின்னவள் அதை எடுத்துப் பிளக்கின் உடைந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள். இடைவெளி இல்லாமல் பொருந்தியது. அப்படியென்றால் உள்ளே வேறு துண்டு எதுவும் இல்லை.

“இப்ப என்னடீ பண்ணப் போற?” என்றாள் அக்கா.

“பழைய பிளக் இருக்கு.”

நேற்றுக் கழற்றியது, பழைய ஆயில் கேனின் மூடிமேல் கிடந்தது. கழுவித் துடைத்து, பூதக்கண்ணாடி வைத்து இரண்டு காதுகளின் அடியையும் பார்த்தாள். பிளாஸ்டிக் களைத்துப்போனால் வளைந்த இடத்தில் வெளுக்கும். இதில் வெளுப்பு இல்லை. கட்டைவிரலால் லேசாக வளைத்து மறுபடி பார்த்தாள். இல்லை. புதன்கிழமைவரை தாங்கும். ஆனால் அதன் ரப்பர் வளையம் ஒரு பக்கம் சப்பட்டையாக அமுங்கிக் கிடந்தது. அது இனிமேல் எதையும் தடுக்காது.

“வளையம்தானே?” மாமாவுக்கு உயிர் வந்தது. உள்ளே ஓடி ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். திறக்க அவருக்கே இரண்டு நிமிடம் ஆயிற்று. உள்ளே ஆயிரம் கறுப்பு வளையங்கள். கண்ணளவிலேயே பார்த்து ஏழு வளையங்களை எடுத்து வைத்தார். அளவுகோல் வைத்துப் பார்த்தாள். ஏழும் சரியான அளவு.

“எடு, மாட்டு.”

“இருங்க மாமா. இது தண்ணிக்கு உள்ள ரப்பரா, ஆயிலுக்கு உள்ள ரப்பரா?”

“ரப்பர்னா ரப்பர்தானேம்மா. கறுப்பா இருக்கு, வட்டமா இருக்கு. இன்னும் அதுக்குப் பிறப்புச் சான்றிதழா வேணும்?”

“தண்ணிக் குழாய்ல போடுற ரப்பர் நிறைய, ஆயில் பட்டா ஊதிடும். ஊதினா நசுங்கும். இன்னைக்கு ஒழுகாது. நாளைக்குப் பாதி வழியில ஒழுகும்.”

“எல்லாத்தையும் ஒரே டின்லதான் போட்டு வச்சிருக்கேன். எது எதுன்னு எனக்கே தெரியாதே.”

“ஆயிலைக் கேட்டாத் தெரியும்.”

வேலை செய்யும் இடத்திலிருந்து கொண்டு வந்த, இன்னும் பிரிக்காத சிறிய பிளாஸ்டிக் டப்பாக்கள் அவளிடம் இருந்தன. ஏழு டப்பாவில் ஒன்றிலிருந்து ஏழுவரை எழுதினாள். ஒவ்வொரு வளையத்தின் தடிமனையும் மாமாவின் அளவுகோலில் அளந்து தாளில் குறித்தாள். கேனில் மிச்சமிருந்த ஒரு லிட்டர் புது ஆயிலிலிருந்து டப்பாவுக்கு இரண்டு ஸ்பூன் ஊற்றி, வளையத்தைப் போட்டு மூடினாள். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து டப்பாக்களை உள்ளே நிறுத்தினாள். அப்போது மணி பத்து.

“அது எதுக்கு உள்ள டப்பாடீ?” என்றாள் அக்கா சந்தேகமாக.

“சிறுநீர் பரிசோதனைக்கு.”

“என் பாத்திரத்துலயா?”

“புதுசுக்கா. யாரும் பயன்படுத்தினது இல்ல.”

“அந்தப் பாத்திரம் இனிமே எனக்கு வேண்டாம். நீயே வச்சுக்கோ. கட்டிக்கிட்டுப் போகும்போது சீதனமா எடுத்துட்டுப் போ.”

மூன்றரை மணி நேரம் தண்ணீர் கொதித்தது. வற்ற வற்ற மாமா ஊற்றிக்கொண்டே இருந்தார். அவரை அடுப்பருகில் யாரும் நிற்கச் சொல்லவில்லை. வேறெங்கும் அவரால் நிற்க முடியவில்லை. “விஞ்ஞானி, நாலாம் நம்பர் குண்டாயிட்டான்” என்று நடுவில் ஒருமுறை அறிவித்தார். சின்னவள் வந்து பார்த்தாள். குண்டாகத்தான் இருந்தது.

ஒன்றரைக்கு எடுத்துத் துடைத்து அளந்தாள். ஐந்து வளையங்கள் ஊதிப் பெருத்து, கையில் கொழகொழவென்று நெளிந்தன. இரண்டும் ஆறும் மட்டும் உள்ளே போன மாதிரியே வெளியே வந்திருந்தன. தாளில் இருந்த எண்ணும் அளவுகோல் காட்டிய எண்ணும் ஒன்று.

மாமா ஆறாம் எண்ணை விரலில் உருட்டிப் பார்த்தார். “இப்ப ஞாபகம் வருது. ஒரு டீசல் பம்ப்புக்கு வாங்கினது. மிச்சம் ரெண்டு கிடந்துச்சு.” பிறகு ஊதிப்போன ஐந்தையும் பார்த்தார். காலையில் அவள் பேச்சைக் கேட்காமல் மாட்டியிருந்தால் எது மாட்டியிருக்கும் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஐந்தையும் குப்பையில் போட்டார். தொழில் வாழ்க்கையில் அவர் வளையத்தைத் தூக்கிப் போட்டது அதுதான் முதல் தடவை என்று அக்கா பிற்பாடு சொன்னாள்.

இரண்டு மணிக்கு இருவரும் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்கள். சின்னவள் ஆறாம் எண் வளையத்துக்கு ஆயில் தடவி, பழைய பிளக்கின் கழுத்தில் முறுக்கில்லாமல் ஏற்றினாள். துளைக்குள் விட்டாள். கால் சுற்று திருப்பினாள்.

டக்.

மாமாவின் வலது கை தானாக எழுந்தது.

“மாமா.”

“இல்லம்மா, சும்மா தொட்டு...”

“டார்ச்சை ரெண்டு கையாலயும் பிடிங்க.”

பிடித்தார்.

வடிகட்டிய ஆயிலை ஊற்றினாள். ஒழுகிப்போன அளவுக்குக் கேனில் இருந்ததைச் சேர்த்தாள். அளவுக் குச்சியில் இரண்டு கோடுகளுக்கு நடுவே சரியாக நின்றது. புதுத் தாள் விரித்து இன்ஜினை ஓட விட்டாள். சூடு ஏறி, இன்ஜினைக் குளிர்விக்கும் மின்விசிறி தானாகச் சுற்றி நிற்கும்வரை ஓடியது. அணைத்தபோது மூன்று மணி. தாள் வெள்ளையாக இருந்தது. அக்கா டீ போட உள்ளே போனாள்.

மூன்று இருபதுக்குத் தாளில் ஒரு சொட்டு விழுந்தது.

இருவரும் அதையே பார்த்தார்கள். இரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று.

“ஒழுகுது” என்றார் மாமா. அவர் குரலில் குத்தல் இல்லை, பயம்தான் இருந்தது. “ஒரே ஒரு திருகும்மா. கொஞ்சூண்டு. நான் மெதுவாப் பண்றேன், சத்தியமா. மணி மூணரை ஆகப் போகுது. வேற வழி இல்ல.”

சின்னவளுக்கும் கை அரித்தது. அதைப் பிற்பாடு அவளே ஒத்துக்கொண்டாள். நாலு மணி நெருங்கும்போது, கண்ணெதிரே சொட்டும்போது, எதையாவது இறுக்கிப் பார்க்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். கையை வண்டிக்கு அடியில் நீட்டினாள். பிளக்கைத் தொட்டாள்.

பிளக் காய்ந்திருந்தது.

விரலை முகர்ந்து பார்த்தாள். மறுபடி பிளக்கைச் சுற்றித் தடவினாள். ஈரம் இல்லை. டார்ச்சை வாங்கித் தொட்டிக்குப் பக்கத்தில் குறுக்கே ஓடும் இரும்புச் சட்டத்தில் அடித்தாள். அதன் விளிம்பில் தேன் நிறத்தில் ஒரு கோடு மினுங்கியது. ராத்திரி ஒழுகியதில் கொஞ்சம் அங்கே போய்த் தங்கியிருக்கிறது. இன்ஜின் சூட்டில் இளகி இப்போது வருகிறது.

“பிளக்ல இருந்து வரல மாமா. இது நேத்து ஒழுகினது.”

“எப்படிச் சொல்ற?”

“பிளக் காஞ்சிருக்கு. காஞ்ச இடத்துல இருந்து ஒழுகாது.”

“ஒருவேளை...”

“ஒருவேளைக்கு வழி இருக்கு.”

பழைய துணியால் சட்டத்தை இண்டு இடுக்கு விடாமல் துடைத்தாள். மெல்லிய காகிதக் கைக்குட்டை ஒன்றை மடித்துப் பிளக்கைச் சுற்றி ஒட்டவைத்தாள். ஒரு துளி வந்தாலும் அதில் கறையாகும். மூன்று முப்பதுக்கு மறுபடி இன்ஜினை ஓட விட்டாள். வண்டி அதிர அதிர, அவள் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். மாமா எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் அக்குளில் வைத்துக்கொண்டார். அவற்றை வெளியே விட அவருக்கே நம்பிக்கை இல்லை. அக்கா கொண்டு வந்த டீ ஆறிப்போயிற்று.

மூன்று ஐம்பத்தைந்துக்கு இன்ஜினை அணைத்தாள். காகிதத்தை உருவி வெளியே எடுத்து, வெயிலில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். மாமா பார்த்தார். அக்கா வாங்கி மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தாள்.

“சுத்தமா இருக்கேடீ.”

மூன்று ஐம்பத்தெட்டுக்கு மேடத்துக்குப் போன் போட்டாள்.

“மேடம், வண்டி ரெடி. நாளைக்கு ஆறு மணிக்குக் கிளம்பிடுவேன்.”

“ஒழுகல் நின்னாச்சா?”

“நின்னாச்சு மேடம். ஓட விட்டுப் பாத்துட்டேன்.”

“யாருகிட்டக் காட்டின? நல்ல மெக்கானிக்கா?”

சின்னவள் மாமாவைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார், காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு.

“நானும் எங்க மாமாவும்தான் மேடம்.”

“ம். வீடு பதிமூணாயிடுச்சு. பட்டியல் அனுப்புறேன்.”

திங்கட்கிழமை ஆறு மணிக்குக் கிளம்பினாள். முதல் வீட்டு வாசலில் நிறுத்தியதும் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். தரை காய்ந்திருந்தது. உள்ளே ஓர் அம்மாள் கையை நீட்டி வைத்துக்கொண்டு தயாராகப் படுத்திருந்தார். இரண்டாவது வீட்டிலும் பார்த்தாள். மூன்றாவது வீட்டில் பார்க்கும்போது எதிர்வீட்டு ஆள், “என்னம்மா, ஏதாவது விழுந்துடுச்சா?” என்று கேட்டார். “இல்ல, ஒண்ணும் விழல” என்றாள். வாய்விட்டுச் சிரித்தாள்.

நாலாவது வீடு இரண்டாம் மாடி. நரம்பு கிடைப்பது கஷ்டமான கை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே தடவித் தேடி, ஒரே குத்தில் எடுத்தாள். ஐந்தாவது வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோதுதான், போன வீட்டில் குனிந்து பார்க்கவே மறந்தது நினைவுக்கு வந்தது. இங்கே பார்க்கலாமா என்று ஒரு நொடி யோசித்தாள்.

மணி ஏழு பத்து. உள்ளே ஒருவர் வெறும் வயிற்றோடு காத்திருந்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அழைப்பு மணியை அழுத்தினாள்.